அங்கமுத்துவும் ஊதா மருந்தும்

1. கிணற்றுக் கயிறு

அங்கமுத்துவை என் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபோது அவனைக் கட்டியிருந்த கயிறு, ஆஸ்பத்திரிக் கிணற்றுக் கயிறு. காலையிலிருந்து அதைத்தான் நாங்கள் தேடிக்கொண்டிருந்தோம். ஆகவே நான் அவனை உடனே அவிழ்த்துவிட்டதை யாரும் கருணை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வார்டில் தண்ணீர் இல்லை.

அப்போது நான் மலாயாவில், கூலாய்க்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில், புண் கட்டி மருந்து கொடுக்கும் டிரஸ்ஸராக இருந்தேன். தோட்டத்து ஆஸ்பத்திரி என்றதும் இந்தக் காலத்துப் பிள்ளைகள் பெரிதாக எதையோ நினைத்துக்கொள்வார்கள். தகரக் கூரை, ஒரு வார்டு, ஒரு மருந்தறை, புண் கட்டுவதற்கு வராந்தாவில் ஒரு நீள பெஞ்சு. அவ்வளவுதான். மாதம் ஒருமுறை ஜொகூர் பாருவிலிருந்து வெள்ளைக்கார டாக்டர் காரில் வருவார். மற்ற நாட்களில் அங்கே கடவுளுக்கு அடுத்தபடி நான். இது என் அபிப்பிராயம். தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் பெரிய கிராணியின் அபிப்பிராயம் வேறு. அவரும் என்னைப் போல யாழ்ப்பாணத்துக்காரர். ஆகையால் எங்களுக்குள் பேச்சு குறைவு.

அங்கமுத்து பால்மரம் வெட்டுகிறவன். பட்டையைச் சீவும்போது கத்தி ஆழமாகப் போய்விட்டால் மரம் புண்ணாகிவிடும். அங்கமுத்துவின் நிரையில் அப்படி ஒரு புண்கூட இருக்காது என்று, வேலையை மேற்பார்க்கும் மண்டோர் பெருமாளே சொல்வார். மண்டோர்கள் பொதுவாக யாரையும் புகழ்வதில்லை. அன்று காலை அவன் ஒரு மரத்தின் முன்னால் நின்று அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். பெருமாள் தோளைத் தொட்டதும் கத்தியோடு திரும்பிவிட்டான். யாருக்கும் காயமில்லை. ஆனாலும் கத்தி கத்திதானே. நாலைந்து பேர் சேர்ந்து மடக்கிக் கட்டிவிட்டார்கள்.

"என்ன கேக்குது உனக்கு?" என்று கேட்டேன்.

"மரம் கத்துதுங்க ஐயா. ஓடு ஓடுங்குது. எந்தப் பக்கம் ஓடணும்னு மட்டும் சொல்ல மாட்டேங்குது" என்றான்.

தோட்டத்து வெள்ளைக்கார மானேஜர் துரை வந்தார். எங்கள் துரை தமிழ் பேசுவார். கட்டளை போட எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு தமிழ்.

"டிரஸ்ஸர், இந்த ஆள் வேணாம். டாக்டர் வந்தா பேப்பர் போடச் சொல்லு. சிங்கப்பூர் அனுப்பு."

சிங்கப்பூர் என்றால் அங்கே இருந்த பைத்திய ஆஸ்பத்திரி. அங்கே கொஞ்சம் தேறினால் நாகப்பட்டினத்துக்குக் கப்பல். அப்படிப் போனவர்களில் திரும்பி வந்தவர் என்று ஒருவரையும் நான் பார்த்ததில்லை. அவன் மனைவி செல்லாயி செடெனாக் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். நாகப்பட்டினம் அவளுக்கு வெறும் பெயர். புருஷனைக் கப்பலேற்றினால் அத்தோடு சரி என்பது அவளுக்குத் தெரியும்.

அந்த மாத விசிட்டில் டாக்டர் அவனைப் பார்த்தார். அவன் டாக்டரைப் பார்க்கவில்லை; நடந்துகொண்டிருந்தான். டாக்டரும் பின்னால் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு நின்றார்.

"அடுத்த விசிட் வரை வைத்திருங்கள். அப்போதும் இப்படியே இருந்தால் கையெழுத்துப் போடுகிறேன்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போனார்.

2. சுவர்

புரோமைடு கொடுத்தேன். எங்களிடம் இருந்தது அதுதான். குடித்தால் தூங்குவான். எழுந்தால் குரலும் கூடவே எழுந்துகொள்ளும். பிறகு நடை. இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர், அந்தச் சுவரிலிருந்து இந்தச் சுவர். மலேரியாவில் கிடந்தவர்கள் எல்லாரும் தலையை இப்படியும் அப்படியும் திருப்பி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். காய்ச்சல்காரனுக்கு ஓய்வு வேண்டும் என்று நாங்கள் படித்த புத்தகத்தில் இருந்தது. பக்கத்துக் கட்டில்காரன் நடந்தால் என்ன செய்வது என்று அதில் இல்லை.

செல்லாயி வேலை முடிந்து சோற்றுச் சட்டியோடு வருவாள். அவன் உட்கார மாட்டான் என்பதால் அவளும் கூடவே நடந்து ஊட்டுவாள்.

"உனக்குக் களைக்கேல்லையோ?" என்று ஒருநாள் கேட்டேன்.

"காலையில மரத்துக்கு மரம் நடக்கிறதுதானுங்களே ஐயா. சாயங்காலம் இவரோட நடக்கிறேன்" என்றாள்.

வார்டு வாசலில் கால் கழுவுவதற்கு ஒரு பேசினில் பெர்மாங்கனேட் கரைத்து வைத்திருப்போம். கரைசல் நாவல்பழ நிறமாக இருக்கும், காய்ந்தால் பழுப்பாகிவிடும். ஒரு மத்தியானம் மருந்தறையில் மலேரியாவுக்குக் கொய்னா மிக்ஸ்சர் கலக்கிக்கொண்டிருந்தேன். என்னவோ குறைகிறது போல இருந்தது. கொஞ்சம் கழித்துத்தான் அது காலடிச் சத்தம் என்று புரிந்தது.

ஓடிப்போய்ப் பார்த்தேன். அங்கமுத்து பேசினில் விரலைத் தோய்த்துச் சுவரில் கோடு போட்டுக்கொண்டிருந்தான். இடமிருந்து வலமாகச் சரிந்து இறங்கும் கோடுகள், ஒன்றன்கீழ் ஒன்றாக, ஒரே இடைவெளியில். கோடு முடிகிற இடத்தில் ஒரு மங்கு, அதாவது பால் விழும் கிண்ணம். அந்த மரம் முடிந்ததும் அடுத்த மரம். அவன் வெட்டும் நிரை முழுவதும் என் வார்டுச் சுவரில் வந்துகொண்டிருந்தது.

சுவர் தோட்டத்துச் சொத்து. திட்டுவதற்காகத்தான் வாயைத் திறந்தேன். அப்போது கட்டில்களைப் பார்த்தேன். காய்ச்சல்காரர்கள் அத்தனை பேரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். வாயை மூடிக்கொண்டேன்.

பிறகு கேட்டேன்: "மரத்தை வெட்டினாக் கத்துது எண்டாய். இது கத்தேல்லையோ?"

"இல்லைங்க ஐயா. சுவத்துக்கு வலிக்கலை."

எனக்குச் சித்திரம் பற்றி எதுவும் தெரியாது. எங்கள் வீட்டில் படம் என்று ஒன்று இருந்தது. அதில் தேதியும் இருந்தது. ஆனால் ஒரு மருந்து வேலை செய்தால், ஏன் வேலை செய்கிறது என்று தெரியாவிட்டாலும் நிறுத்தக் கூடாது. கொய்னா ஏன் வேலை செய்கிறது என்றும் எனக்குத் தெரியாது. மறுநாள் பேசினை அவன் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைக்கச் சொன்னேன்.

3. பெஞ்சு

காலையில் புண் கட்டுவது எங்கள் பெரிய வேலை. தோட்டத்தில் கால்புண் இல்லாத ஆள் அபூர்வம். முள் கீறும், அட்டை கடிக்கும், சொறிவார்கள், புண்ணாகும். ஒருநாள் வருவார்கள், மறுநாள் வர மாட்டார்கள். வீட்டில் புகையிலையை மென்று அப்பிக்கொண்டு, கால் வீங்கிய பிறகு யாராவது தூக்கிக்கொண்டு வருவார்கள்.

வந்தாலும் கலர் மருந்துதான் வேண்டும். தண்ணீர் மாதிரி இருக்கும் மருந்தைப் போட்டால், ஏமாற்றுகிறான் என்று நினைப்பார்கள். எங்களிடம் ஜென்ஷன் வயலட் இருந்தது. அக்ரிஃப்ளேவின், மெர்க்குரோகுரோம் இருந்தன. தோட்டத்தில் இவற்றின் பெயர் ஊதா மருந்து, மஞ்ச மருந்து, செவப்பு மருந்து. எனக்கும் நாளடைவில் அதுவே பழகிவிட்டது.

வார்டுச் சுவரில் இடம் தீர்ந்துபோனதும் அங்கமுத்து வராந்தாவுக்கு வந்து பெஞ்சுப் பக்கமாக நின்றான். புல் வெட்டும் சாமிக்கண்ணு காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் புண்ணைக் கழுவி மருந்து போட்டுவிட்டு, பஞ்சு சுற்றிய குச்சியைக் கீழே வைத்தேன். அங்கமுத்து அதை எடுத்தான். சாமிக்கண்ணு பயத்தில் காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தான். ஆனால் பைத்தியத்தின் முன்னால் அசையக் கூடாது என்று அவனுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள்.

அங்கமுத்து புண்ணைச் சுற்றி ஊதாவில் ஒரு கரை போட்டான். கரையில் கொஞ்சம் புல். புல்லுக்குப் பக்கத்தில் இரண்டு வாத்து. இப்போது சாமிக்கண்ணுவின் புண் ஒரு குளம். அவன் அந்தக் காலை யாரோ விருந்தாளியை அழைத்துப்போவது போலப் பார்த்துப் பார்த்து நடத்திக்கொண்டு போனான்.

மறுநாள் கூப்பிடாமலே வந்து நின்றான். "ஐயா, வாத்துக்கு ஒரு காலு அழிஞ்சுபோச்சுங்க" என்று புகார் சொன்னான்.

பிறகு பெஞ்சில் இடமில்லை. சிலருக்குச் சேவல் வேண்டும், சிலருக்கு ரயில் எஞ்சின். ஒருத்தி மூவாரில் தான் பார்த்த பெரிய ஆற்றைக் கேட்டாள். அவள் காலில் அதற்கு இடம் போதாது என்று அங்கமுத்து ஒரு படகோடு நிறுத்திக்கொண்டான். நான் இரண்டு விதிகள் வைத்தேன். புண்ணைத் தொடக் கூடாது, சுற்றித்தான் வரையலாம். ஒரு காலுக்கு ஒரு குச்சி, அடுத்த காலுக்கு வேறு குச்சி. இரண்டையும் அவன் ஒருமுறைகூட மீறவில்லை. மீறியவர்கள் வேறு ஆட்கள், சம்பளம் வாங்கியவர்கள்; அது பின்னால் வரும்.

படம் அழியக் கூடாது என்று யாரும் சொறியவில்லை, புகையிலை அப்பவில்லை. தினமும் வந்ததால் தினமும் புண் கழுவப்பட்டது. சாமிக்கண்ணுவின் குளம் வற்ற வற்ற, வாத்துகளை உள்ளே தள்ளித் தள்ளி வரைய வேண்டியிருந்தது. அங்கமுத்துவும் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தான்.

கெட்டது மண்டோர் பெருமாளால். அவருக்குத் துரையின் கார் வேண்டுமாம். கணுக்காலுக்கு மேலே இருந்த புண் பின்சக்கரமாக, கார் தத்ரூபமாக வந்துவிட்டது. பெருமாள் அதைப் பால் நிறுக்கும் கொட்டகையில் எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருந்தபோது துரை பின்னால் வந்து நின்றார்.

"இது யார் கார்?"

"அலமாக்! தொரை காருங்க."

"டயர் ஏன் இப்படி இருக்கு?"

"அது புண்ணுங்க தொரை."

துரை குனிந்து நன்றாகப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். "டிரஸ்ஸர், ஆஸ்பத்திரி சர்க்கஸ் ஆயிடுச்சு. டாக்டர் வர்றார். பேப்பர் போடு" என்றார். போகும்போது, "கார்ல ஹார்ன் இல்லை" என்றும் சொன்னார்.

செல்லாயிக்கும் இதெல்லாம் பிடிக்கவில்லை. "பைத்தியம்னு சொன்னாங்க, தாங்கிக்கிட்டேன் ஐயா. இப்ப நான் போற வழியெல்லாம் காலைத் தூக்கித் தூக்கிக் காட்டுறாங்க. கத்தி புடிச்ச கைங்க. இப்படிக் குச்சி புடிச்சா டாக்டர் தொரை என்ன நெனைப்பாரு?" என்று கேட்டாள். அவள் காலில் அவனை ஒரு புள்ளிகூட வைக்க விட்டதில்லை.

4. வெள்ளையடிப்பு

டாக்டர் வருகிறார் என்றால் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. அசையாமல் நிற்கும் எல்லாவற்றுக்கும் சுண்ணாம்பு அடிப்பார்கள். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துச் சுவர், சாக்கடை ஓரம், கொடிக்கம்பம், பாதையோரத்துக் கல். நிழலில் படுத்திருந்த ஒரு நாயின் வாலில் சுண்ணாம்பு இருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

விசிட்டுக்கு முந்தின நாள் நான் ஊரில் இல்லை. ஊதா மருந்து போத்தலின் அடியில் கொஞ்சம்தான் மிச்சம். வாங்கி வர ரயிலேறி ஜொகூர் பாருவுக்குப் போயிருந்தேன். அந்த நேரம் பார்த்துச் செல்லாயி பெரிய கிராணியிடம் போய் நின்றிருக்கிறாள்.

"ஐயா, நாளைக்கு ஒருநா மட்டும் இவரு மத்த ஆளுங்க மாதிரி தெரியணும். ஏதாச்சும் பண்ணுங்க."

கிராணி நல்ல மனிதர். அதுதான் தொல்லை. உடனே ஆள் அனுப்பி வார்டுச் சுவர் முழுவதும் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னார். பெர்மாங்கனேட் பேசினைக் கவிழ்த்து வைக்கச் சொன்னார். மிச்சமிருந்த ஊதா மருந்தைச் சாக்கடையில் ஊற்றி, குச்சிகளை அடுப்பில் போடச் சொன்னார். புண்காரர்களை எல்லாம் கிணற்றடிக்கு வரவழைத்து, சோப்பும் தேங்காய் நாரும் கொடுத்து, படம் போகும் வரை தேய்க்கச் சொன்னார். அங்கமுத்துவுக்குத் தன் பழைய வெள்ளைச் சட்டை ஒன்றை, கஞ்சி போட்டுத் தேய்த்து, தானே மாட்டிவிட்டார்.

ஊதா மருந்து சோப்புக்குப் போகாது. எந்த டிரஸ்ஸரைக் கேட்டாலும் சொல்லியிருப்பான். கேட்பதற்கு டிரஸ்ஸர் அங்கே இல்லை.

5. விசிட்

மறுநாள் ரயில் தாமதம். மருந்துப் பெட்டியோடு ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தபோது டாக்டரின் கார் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது.

உள்ளே வெள்ளைச் சுவர், வெள்ளைச் சட்டை. அங்கமுத்து நடந்துகொண்டிருந்தான். முன்னைவிட வேகமாக. சுவருக்குச் சுவர் போய், ஒவ்வொரு முறையும் சுண்ணாம்பில் கையை வைத்துத் தேடினான். மரங்கள் எங்கே போயின என்று அவனுக்குப் புரியவில்லை. "எந்தப் பக்கம், எந்தப் பக்கம்" என்று யாரிடமோ கேட்டுக்கொண்டே இருந்தான். உள்ளங்கையெல்லாம் வெள்ளை.  பெட்டி கையில் இருந்ததால் எனக்குக் கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் வழியில்லை.

டாக்டர் பேனாவின் மூடியைக் கழற்றியிருந்தார். துரை பக்கத்தில் நின்றார். "முன்னேற்றம் இல்லை, அப்படித்தானே?" என்று டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

நான் ஆங்கிலத்தில் ஒரு நல்ல வாக்கியத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் செல்லாயி வந்து என் கைப்பெட்டியைத் திறந்துவிட்டாள். என் வேலைக்காலத்தில் ஒரு கூலிப்பெண் டாக்டர் முன்னால் மருந்துப் பெட்டியில் கைவைத்தது அது ஒன்றுதான். வைக்கோலுக்குள்ளிருந்து ஊதா மருந்துப் போத்தலை எடுத்தாள். அடைப்பைப் பல்லால் பிடுங்கினாள். வாயெல்லாம் ஊதா.

நேராகப் போய் அங்கமுத்து நடக்கும் வழியில் தரையில் உட்கார்ந்தாள். சேலையை முழங்கால் வரை தூக்கிக் காலை நீட்டினாள். அன்று காலை அட்டை கடித்த இடத்தில் இன்னும் ஒரு துளி ரத்தம் நின்றது.

"எனக்குப் போடுங்க" என்றாள்.

அவன் அவளைத் தாண்டிப் போனான். திரும்பி வந்தான். மறுபடியும் தாண்டினான். துரை வாயைத் திறக்கப் போனார். டாக்டர் கையைக் காட்டி நிறுத்தினார். செல்லாயி காலை மடக்கவில்லை. "இந்தாங்க, எனக்குத்தான் இன்னும் போடலை" என்று மட்டும் சொன்னாள். அவள் குரலில் அழுகை இல்லை. கடையில் தன் முறை வரக் காத்திருப்பவள் மாதிரி சொன்னாள்.

அடுத்த முறை அவன் நின்றான். உட்கார்ந்தான். குச்சி இல்லை. நான் பெட்டியிலிருந்து பஞ்சை எடுத்துக் கொடுத்தேன். கிழித்து விரல் நுனியில் சுற்றிக்கொண்டான்.

அவள் முழங்காலிலிருந்து சரிவான ஒரு கோடு இறங்கியது. அதன் கீழே இன்னொன்று. அதே இடைவெளி. வாய் மட்டும் இன்னும் எந்தப் பக்கம், எந்தப் பக்கம் என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தது. நாலாவது ஐந்தாவது கோட்டில் அது குறைந்தது. பிறகு வெறும் உதடு அசைந்தது. பிறகு அதுவும் இல்லை. கடைசியில் கணுக்காலுக்கு மேலே ஒரு மங்கு வரைந்தான். அட்டைக்கடியின் ரத்தத் துளி கோட்டின் நுனியில், மங்குக்குள் விழப் போகிற பால் மாதிரி நின்றது. அதைத் தொடாமல் விட்டான். புண்ணைத் தொடக் கூடாது என்பது விதி.

டாக்டர் வெகுநேரம் பார்த்தார். பேனாவை மூடினார். பிறகு வராந்தாவுக்கு வந்து பெஞ்சில் இருந்த கால்களைப் பார்த்தார். தேய்த்த தேய்ப்பில் ஆறிவந்த புண்களில் எல்லாம் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அவற்றைச் சுற்றி மங்கலாக வாத்து, சேவல், எஞ்சின் எல்லாம் அப்படியே இருந்தன.

"இதைத் தேய்க்கச் சொன்னது யார்?"

பெரிய கிராணி பாராட்டு என்று நினைத்து முன்னால் வந்தார். டாக்டர் சொன்னதை இங்கே எழுத மாட்டேன். கிராணிக்கும் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

துரை பேப்பரைப் பற்றிக் கேட்டார். "அடுத்த விசிட்டில் பார்ப்போம்" என்றார் டாக்டர். காரில் ஏறும்போது பெருமாளின் காலைக் காட்டித் துரையிடம் என்னவோ சொன்னார். துரை சிரித்ததை நாங்கள் பார்த்தது அன்றுதான்.

அடுத்த விசிட்டிலும் அதையே சொன்னார். அதற்கடுத்த விசிட்டிலும் அதையே. அந்த டாக்டர் மாற்றலாகிப் போகும் வரை அங்கமுத்துவின் விஷயம் அடுத்த விசிட்டில்தான் முடிவாக வேண்டியிருந்தது. புதிதாக வந்தவர் அவனை ஆஸ்பத்திரி ஆள் என்றே நினைத்துக்கொண்டார். நாங்கள் யாரும் அதைத் திருத்தவில்லை.

6. இளைய டிரஸ்ஸர்களுக்கு

இப்போது உங்களிடம் புது ஊசி, புது மாத்திரை எல்லாம் வந்துவிட்டன. நல்லது, கொடுங்கள். ஆனால் நோயாளி ஒருவன் தானாகக் கண்டுபிடித்து வைத்திருக்கும் மருந்தை, பார்ப்பதற்கு நன்றாக இல்லை என்பதற்காகத் துடைத்துவிடாதீர்கள். வெள்ளையடிக்க ஆள் வந்தால் முதலில் உள்ளே போய்ச் சுவரைப் பாருங்கள். எங்கள் வார்டுச் சுவருக்கு அதன்பிறகு யாரும் சுண்ணாம்பு அடிக்கவில்லை. கிராணியே வாசலில் நின்று பார்த்துக்கொண்டார்.

அங்கமுத்து குணமாகிவிட்டான் என்று எழுத எனக்கும் ஆசைதான். நான் தோட்டத்தை விட்டுப் புறப்பட்ட அன்று அவன் பெஞ்சில் யாருக்கோ சேவல் வரைந்துகொண்டிருந்தான். செல்லாயி பக்கத்தில் உட்கார்ந்து குச்சிகளுக்குப் பஞ்சு சுற்றிக்கொண்டிருந்தாள். இத்தனை காலமும் கேட்காததைக் கேட்டேன்.

"அங்கமுத்து, அந்தக் குரல் நிண்டிட்டுதோ?"

அவன் சேவலின் வாலை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தான்.

"இல்லைங்க ஐயா. அது பாட்டுக்குப் பேசிக்கிட்டுதான் இருக்கு. எனக்குத்தான் வேலை இருக்கு."